பிரஷர் நார்மலாகிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு வயது 49, எடை 86 கிலோ. நாள் முழுக்க உட்கார்ந்து பார்க்கும் வேலை. எட்டு மாதத்துக்கு முன் வேறொரு காரணத்துக்காக டாக்டரிடம் போனபோது பிரஷர் 158/96 இருந்தது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தபோதும் ஏறக்குறைய அதே அளவுதான். தினம் ஒரு அம்லோடிபின் 5 மி.கி. எழுதிக்கொடுத்தார். மூன்று மாதத்தில் 126/80-க்கு வந்துவிட்டது. மாலையானால் கணுக்காலில் வீக்கம் மட்டும் இருந்தது. பிரஷர்தான் சரியாகிவிட்டதே என்று மாத்திரையை நிறுத்தினேன். மூன்றாம் நாள் பார்த்தால் 128/82, அதனால் கவலைப்படவில்லை. ஆறு வாரம் கழித்து 164/100! பயந்துபோய் ஒரு மெஷின் வாங்கினேன். சோபாவில் உட்கார்ந்து, மடியில் கையை வைத்து ஒரே மாலையில் ஆறு தடவை பார்த்தேன். மேல் அளவு 164, 151, 158, 142, 149, 139 என்று ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விதமாகக் காட்டுகிறது. எதை நம்புவது? தலைவலி, மயக்கம் எதுவும் இல்லை. முழங்கால் வலிக்கு வாரத்தில் நாலைந்து நாள் டைக்ளோபெனாக் போடுகிறேன். இரவில் பலமாகக் குறட்டை விடுகிறேன் என்று மனைவி சொல்கிறார். மாத்திரை வாழ்நாள் முழுக்கவா? கிட்னி கெட்டுவிடாதா? என் மகனுக்கு 23 வயது, அவனும் பார்த்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: உங்கள் பிரஷர் சரியாகவில்லை. மாத்திரை அதைப் பிடித்து வைத்திருந்தது. 126/80 என்பது அம்லோடிபின் உடம்பில் இருந்தபோது எடுத்த அளவு. அதைப் பார்த்து மாத்திரை வேலை செய்கிறது என்று முடிவுக்கு வரலாமே தவிர, மாத்திரை வேண்டாம் என்ற முடிவுக்கு வர முடியாது.

மூன்றாம் நாள் பார்த்த 128/82-தான் உங்களை ஏமாற்றியது. அம்லோடிபின் உடம்பை விட்டு மிக மெதுவாக வெளியேறும் மருந்து. ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். நிறுத்தி மூன்று நாள் ஆன பிறகும் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு உள்ளே இருந்திருக்கும். ஒன்றிரண்டு வாரம் போனால்தான் அதன் பிடி முழுதாக விடும். அதன் பிறகும் பிரஷர் ஒரே நாளில் தாவாது, கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். ஆரம்பிக்கும்போதும் இதே கதைதான். முதல் மாத்திரை போட்ட மறுநாளே அளந்துவிட்டு 'இந்த மருந்து எனக்குக் கேட்கவில்லை' என்று பலர் சொல்வது இதனால்தான்.

ஒரு வாரத்துக்குள் உங்கள் டாக்டரைப் பாருங்கள். 164/100 ஆம்புலன்ஸ் கூப்பிடும் அளவு இல்லை, ஆனால் தள்ளிப்போடும் அளவும் இல்லை. போகும்போது மாத்திரையை நீங்களே நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், மாத்திரை போட்டும் 164 இருக்கிறது என்று அவர் நினைப்பார். டோஸை இரட்டிப்பாக்குவார், அல்லது இன்னொரு மருந்தைச் சேர்ப்பார். பிறகு நீங்கள் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட ஆரம்பித்தால் பிரஷர் அளவுக்கு மீறி இறங்கித் தலை சுற்றி விழுவீர்கள். டாக்டரின் கோபத்துக்குப் பயந்து இதை மறைப்பவர்கள் நிறைய. தயவுசெய்து அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள்.

தலைவலியும் மயக்கமும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஆறுதலுக்கு உரிய செய்தி அல்ல. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் காட்டாது. இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் விழும் அழுத்தம் மேல் அளவு, இதயம் தளர்ந்து நிரம்பும்போது இருப்பது கீழ் அளவு. இரண்டும் வருடக்கணக்கில் கூடுதலாகவே இருந்தால் குழாய்ச் சுவர் தடிக்கும், இறுகும், உட்புறம் சேதமாகும். மூளையிலும் கண்ணிலும் சிறுநீரகத்திலும் இருக்கும் நுண்ணிய குழாய்கள்தான் முதலில் அடி வாங்கும். இதயமும் கூடுதல் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளித் தன் தசையைத் தடிமனாக்கிக்கொள்ளும். இவற்றில் எதுவும் வலிக்காது.

எவ்வளவு அழுத்தத்துக்கு எவ்வளவு ஆபத்து என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஏறத்தாழ பத்து லட்சம் பேரின் விவரங்களைத் தொகுத்து 2002-ல் வெளிவந்த ஆய்வின்படி, 40 முதல் 69 வயது வரை உள்ளவர்களுக்கு, மேல் அளவு 115-க்கு மேல் ஒவ்வொரு 20 கூடும்போதும் பக்கவாதத்தாலும் மாரடைப்பாலும் இறக்கும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. இதையே திருப்பிப் பார்த்தால் நம்பிக்கை வரும். மருந்தால் மேல் அளவை 5 குறைத்தாலே மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவை சுமார் பத்து சதவீதம் குறைகின்றன.

மருந்து இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் ஒருவரே சாட்சி. 1944 மார்ச்சில் அவருடைய அளவு 186/108. உலகின் மிகப் பெரிய அதிகாரத்தில் இருந்தவருக்கும் அன்றைய டாக்டர்களால் ஓய்வு, உப்புக் குறைப்பு, இதயத்துக்கு டிஜிட்டாலிஸ் என்பவற்றுக்கு மேல் பெரிதாக எதுவும் தர முடியவில்லை. 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். அன்று பதிவான அளவு 300/190. பிரஷரைக் குறைக்கும் தயசைடு வகை நீர் மாத்திரைகள் புழக்கத்துக்கு வர அதன் பிறகு பத்து வருடத்துக்கு மேல் ஆனது. அவருக்குக் கிடைக்காத ஒன்று உங்கள் மேசை டிராயரில் சும்மா கிடக்கிறது.

இனி மெஷினுக்கு வருவோம். உங்கள் ஆறு அளவுகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் சுமார் 150. நீங்கள் அளந்த விதத்தில் சில பிழைகள் இருப்பதால் உண்மை அளவு இதைவிடக் குறைவாகவே இருக்கும். எவ்வளவு குறைவு என்று தெரிய வேண்டுமானால் முறையாக அளக்க வேண்டும்.

முதல் பிழை மடியில் கை. கையில் சுற்றிக் கட்டும் பட்டை இதய மட்டத்தில் இருக்க வேண்டும், அதாவது நெஞ்சின் நடுப்பகுதி உயரத்தில். பட்டை இதயத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தால் அளவு 7 முதல் 8 வரை கூடிக் காட்டும். மடியில் கையைத் தொங்கவிட்டு, சோபாவில் சரிந்தும் உட்கார்ந்தால் 10 வரைகூடக் கூடுதலாகக் காட்டலாம். முதுகு சாய்வதற்கு வசதியான நேர் நாற்காலியில் உட்காருங்கள். முன்கையை மேசை மேல் வையுங்கள், மேசை தாழ்வாக இருந்தால் கைக்குக் கீழே மடித்த துண்டையோ தலையணையையோ வைத்து உயர்த்துங்கள். கையை நீங்களே தூக்கிப் பிடிக்கக்கூடாது. தசை இறுகினாலும் அளவு ஏறும். இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்கட்டும், கால் மேல் கால் போட வேண்டாம்.

இரண்டாவது, பட்டையின் அளவு. இதைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. ஒரு அளவு நாடாவை எடுத்துத் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் கையின் சுற்றளவை அளங்கள். மெஷினோடு வரும் சாதாரணப் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரைக்கும்தான் பொருந்தும், சரியான எல்லை பட்டையிலேயே அச்சிட்டிருக்கும். 86 கிலோ எடைக்கு உங்கள் கை 34, 35 செ.மீ. இருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். பெரிய பட்டை தேவைப்படும் கைக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டினால் மேல் அளவு சராசரியாக 5 கூடுதலாகக் காட்டும். மிகப் பெரிய பட்டை தேவைப்படுபவருக்கு இந்தப் பிழை 20-ஐத் தொடும். இந்தப் பிழையை எவ்வளவு நேரம் அமைதியாக உட்கார்ந்தாலும் சரிசெய்ய முடியாது, பட்டையைத்தான் மாற்ற வேண்டும். பட்டையை வெறும் கையில் கட்டுங்கள், சட்டைக்கு மேல் வேண்டாம். சட்டைக் கையை மேலே சுருட்டி இறுக்கினாலும் தப்பு, கழற்றிவிடுவது நல்லது. பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2, 3 செ.மீ. மேலே இருக்கட்டும். கட்டிய பிறகு இரண்டு விரல் நுழைய இடம் இருந்தால் இறுக்கம் சரி.

அளப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் காபி, டீ, சிகரெட், உடற்பயிற்சி எதுவும் வேண்டாம். சிறுநீர் முட்டினால் போய்விட்டு வாருங்கள், நிரம்பிய பை மட்டுமே பத்துக்கும் மேல் ஏற்றிவிடும். பிறகு ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். போன் பார்க்காமல், செய்தி கேட்காமல், உண்மையிலேயே சும்மா. அளக்கும்போது பேசக்கூடாது. பக்கத்தில் இருப்பவர் 'எவ்வளவு காட்டுது?' என்று கேட்டு நீங்கள் பதில் சொன்னாலே அளவு ஏறும்.

பட்டியல் இப்படி இருக்கட்டும். காலையில் எழுந்து ஒரு மணி நேரத்துக்குள், சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னால், ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அதேபோல் இரண்டு தடவை. ஏழு நாள். முதல் நாள் அளவுகளைக் கழித்துவிடுங்கள், புது மெஷினைப் பார்த்த பதற்றம் அதில் இருக்கும். மீதி ஆறு நாளில் 24 அளவுகள் கிடைக்கும். மேல் அளவுகளுக்கு ஒரு சராசரி, கீழ் அளவுகளுக்கு ஒரு சராசரி. வீட்டில் எடுத்த இந்தச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம். கிளினிக்கில் 140/90 என்று சொல்வதற்கு வீட்டில் ஈடு இதுதான். அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2017 முதல் 130/80-ஐயே எல்லையாக வைத்திருக்கின்றன, அதனால் இரண்டு விதமான எண்களை நீங்கள் கேள்விப்படலாம். எந்தக் கணக்கில் பார்த்தாலும் நீங்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறீர்கள்.

முதல் நாள் மட்டும் இரண்டு கையிலும் பாருங்கள். சில புள்ளி வித்தியாசம் இயல்பு. எது கூடுதலாகக் காட்டுகிறதோ அந்தக் கையிலேயே எப்போதும் அளங்கள். வித்தியாசம் திரும்பத் திரும்ப 15-க்கு மேல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், ஒரு பக்கக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் மெஷின் மணிக்கட்டில் கட்டும் வகை என்றால் மேற்கையில் கட்டும் வகைக்கு மாறுங்கள். டாக்டரிடம் போகும்போது மெஷினையும் எடுத்துப்போய் அவருடைய கருவியோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே மாலையில் ஆறு தடவை அளப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். பிரஷர் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவது இயற்கை, ஆரோக்கியமானவருக்கும் அப்படித்தான். பதற்றத்தோடு திரும்பத் திரும்ப அளந்தால் பதற்றத்தின் பிரஷரைத்தான் அளப்பீர்கள். ஆறில் 139-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு நிம்மதியாவதும், 164-ஐ மட்டும் பார்த்துத் தூக்கத்தைத் தொலைப்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். கிளினிக்கில் மட்டும் ஏறி வீட்டில் நார்மலாக இருப்பவர்கள் உண்டு. கிளினிக்கில் நார்மலாக இருந்து வீட்டில் ஏறுபவர்களும் உண்டு, அவர்களுக்குத்தான் ஆபத்து அதிகம். சந்தேகம் தீராவிட்டால் 24 மணி நேரமும் கையில் கட்டிவிடும் கருவி இருக்கிறது. அதில் தூக்கத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பதும் தெரிந்துவிடும், பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயங்களை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

ஒன்று டைக்ளோபெனாக். இந்த வகை வலி மாத்திரைகள், ஐபுபுரூபனும் இதில் சேர்த்தி, சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் தேக்கிவைக்கச் செய்யும். பிரஷர் ஏறும், பிரஷர் மாத்திரைகள் பலவற்றின் வேலையும் கெடும். வாரத்தில் நாலைந்து நாள் என்பது எப்போதாவது என்ற கணக்கில் வராது. டெல்மிசார்ட்டன், ராமிப்ரில் போன்ற பிரஷர் மாத்திரையும், சிறுநீரைக் கூடுதலாகப் போகவைக்கும் நீர் மாத்திரையும், இந்த வலி மாத்திரையும் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று பழுதாகும் அபாயம் உண்டு. கிட்னியைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது, ஆனால் நீங்கள் பயப்பட வேண்டிய மாத்திரை இது. முழங்காலுக்கு மேலே பூசும் ஜெல், தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சி, எடைக் குறைப்பு என்று மாற்று வழிகளை டாக்டரிடம் பேசுங்கள். பாராசிட்டமால் இதைவிடப் பரவாயில்லை என்றாலும் தினமும் முழு டோஸில் தொடர்ந்தால் அதுவும் சில புள்ளிகள் ஏற்றும். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் வகையில் ஒரு மாத்திரையிலேயே 400 மி.கி. வரை சோடியம் இருக்கும், அதைத் தொடாதீர்கள். மூக்கடைப்புக்கு வாங்கும் சூடோஎபெட்ரின் கலந்த மாத்திரை, ஸ்டீராய்டு, நாள்பட்டுச் சாப்பிடும் அதிமதுரம் ஆகியவையும் பிரஷரை ஏற்றும். மருத்துவரின் சீட்டு இல்லாமல் வாங்கிச் சாப்பிடுவது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள்.

இன்னொன்று குறட்டை. தூங்கும்போது தொண்டை மூடிக்கொண்டு மூச்சு நின்று நின்று வரும் கோளாறு, பிரஷர் அடங்காமல் இருப்பதற்கு அடிக்கடி காணும் காரணம். ஒவ்வொரு முறை மூச்சு நிற்கும்போதும் ஆக்சிஜன் இறங்கும், உடம்பு திடுக்கிட்டு விழிக்கும், பிரஷர் எகிறும். இரவு முழுக்க இது நடந்தால் இறங்க வேண்டிய இரவுப் பிரஷர் இறங்காது. உங்கள் மனைவியிடம் கேளுங்கள்: குறட்டை நடுவில் சில நொடிகள் சத்தமே இல்லாமல் நின்று, பிறகு மூச்சுத் திணறினாற்போல் மறுபடி ஆரம்பிக்கிறதா? பகலில் உட்கார்ந்த இடத்தில் உங்களுக்குத் தூக்கம் அழுத்துகிறதா? ஆம் என்றால் தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டும். இந்தக் கோளாறு இருப்பவர்களுக்குத் தூக்கத்தில் முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் கருவியைத் தருவார்கள். அதனால் பிரஷர் சராசரியாகச் சில புள்ளிகள்தான் குறையும், மாத்திரைக்கு அது மாற்றல்ல. ஆனால் பகல் தூக்கம் போகும், வண்டி ஓட்டுவது பாதுகாப்பாகும்.

உப்பைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், அளவு சொல்பவர்கள் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே. ஏறக்குறைய தலை தட்டிய ஒரு டீஸ்பூன், எல்லா வேளைக்கும் சேர்த்து. வீட்டில் ஒரு எளிய வழி, ஒரு கிலோ பொட்டலம் பிரித்த தேதியை அதன் மேல் எழுதி, தீர்ந்த தேதியையும் குறித்துக்கொள்வது. நான்கு பேர் சாப்பிடும் வீட்டில் ஆளுக்கு 5 கிராம் என்றால் ஒரு கிலோ 50 நாள் வர வேண்டும். ஒரே மாதத்தில் தீர்ந்தால் ஆளுக்கு 8 கிராமைத் தாண்டுகிறீர்கள். கடையில் வாங்கும் ரொட்டி, சீஸ், சாஸ், உடனடி நூடுல்ஸ், வறுவல் பொட்டலங்களில் இருக்கும் உப்பு இந்தக் கணக்கில் வராது, அது தனி. பொட்டலத்தின் பின்னால் சோடியம் என்று போட்டிருக்கும் எண்ணை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 100 கிராமில் 720 மி.கி. சோடியம் என்றால் 1.8 கிராம் உப்பு. இந்துப்பும் கடல் உப்பும் பெயரில்தான் வேறு, பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடு.

பொட்டாசியம் கலந்த மாற்று உப்புக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடத்தி 2021-ல் வெளியிட்ட ஆய்வில், கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களும், டெல்மிசார்ட்டன், ராமிப்ரில், ஸ்பைரனோலாக்டோன் போன்றவற்றைச் சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

எடையில் ஒரு கிலோ குறைந்தால் மேல் அளவு ஏறத்தாழ ஒரு புள்ளி குறையும். ஐந்தாறு கிலோ உங்களால் முடியும், அது முழங்காலுக்கும் குறட்டைக்கும் சேர்த்தே மருந்து. வாரத்தில் 150 நிமிடம் வேக நடை, பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில். மூச்சை அடக்கி அதிக எடை தூக்கும் பயிற்சியை மட்டும் பிரஷர் கட்டுக்குள் வரும்வரை ஒத்திவையுங்கள். மது பழக்கம் இருந்தால் குறைக்கும் அளவுக்குப் பலன் கிடைக்கும். சிகரெட் இருந்தால் முழுதாக விட வேண்டும், அதில் பேரம் கிடையாது.

கணுக்கால் வீக்கத்துக்கு வருகிறேன். நீங்கள் மாத்திரையை நிறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று கடிதத்தின் தொனியில் தெரிகிறது. அம்லோடிபின் ரத்தம் உள்ளே வரும் சிறு குழாய்களை நன்றாக விரிக்கும், ரத்தம் வெளியேறும் குழாய்களை அந்த அளவுக்கு விரிக்காது. மேல்மடையைத் திறந்துவிட்டுக் கீழ்மடையை அப்படியே விட்டது போல நடுவில் அழுத்தம் கூடி, நீர் திசுவுக்குள் கசியும். நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதால் அது கணுக்காலில் இறங்கி நிற்கிறது. சிறுநீரகமோ இதயமோ கெட்டதால் வரும் வீக்கம் அல்ல இது, ஆகவே நீர் மாத்திரையால் பெரிய பயன் இருக்காது. டோஸ் கூடினால் வீக்கம் கூடும், 10 மி.கி.-இல் அதிகம் பேருக்கு வரும். வழி என்னவென்றால் டோஸைக் குறைத்து டெல்மிசார்ட்டன், ராமிப்ரில் வகையில் ஒன்றைச் சேர்ப்பது. அவை வெளியேறும் குழாயையும் விரிப்பதால் வீக்கம் வடியும், பிரஷரும் கூடுதலாக இறங்கும். ஒரே மருந்தை இரட்டிப்பாக்குவதைவிட இரண்டு வகையைச் சிறு டோஸில் சேர்ப்பதில் பலன் அதிகம், தொல்லை குறைவு. உங்களுக்கு இதுவே பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து, முடிவு உங்களைப் பரிசோதிக்கும் டாக்டருடையது. ஒரு காலில் மட்டும் வீங்கினாலோ, வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலோ கதை வேறு, உடனே காட்டுங்கள்.

மற்ற மருந்துகளின் தொல்லைகளையும் தெரிந்துவைத்துக்கொண்டால் திடீரென்று நிறுத்தத் தோன்றாது. ராமிப்ரில், எனலாப்ரில் வகை சிலருக்கு வறட்டு இருமல் தரும், டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் வகைக்கு மாறினால் போய்விடும். உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டும். குளோர்தாலிடோன், இண்டபமைடு போன்ற நீர் மாத்திரைகள் சோடியம், பொட்டாசியத்தைக் குறைக்கலாம், யூரிக் அமிலத்தை ஏற்றலாம். அட்டனோலால், மெட்டோப்ரோலால், குளோனிடின் ஆகியவற்றைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து, பிரஷரும் துடிப்பும் ஒரேயடியாக எகிறும். நீங்கள் நிறுத்தியது அம்லோடிபின் என்பதால் தப்பித்தீர்கள்.

மாத்திரையால் கிட்னி கெடும் என்ற பேச்சு எங்கும் இருக்கிறது. அடங்காத பிரஷர்தான் சிறுநீரகத்தைக் கெடுக்கும் பெரிய காரணங்களில் ஒன்று. சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிய ஆரம்பித்தவர்களுக்கு ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் வகையே சிறுநீரகத்தைக் காக்கும் மருந்து. அவற்றை ஆரம்பித்ததும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் கொஞ்சம் ஏறும். 30 சதவீதம் வரை ஏறுவதை டாக்டர்கள் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள், அதற்கு மேல் போனால் காரணம் தேடுவார்கள். அதற்காகத்தான் ஆரம்பித்த ஒன்றிலிருந்து நான்கு வாரத்துக்குள் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்கச் சொல்வது. அந்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். கடுமையான வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் இந்த வகையையும் நீர் மாத்திரையையும் சில நாள் நிறுத்திவைக்க வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

இதுவரை செய்யவில்லை என்றால் இப்போது செய்ய வேண்டியவை: கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரில் அல்புமின், ஈசிஜி. அழுத்தம் ஏற்கெனவே எங்காவது அடித்திருக்கிறதா என்பது இவற்றில் தெரியும். பொட்டாசியம் காரணமில்லாமல் குறைவாக இருந்தால் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியில் கோளாறா என்று பார்ப்பார்கள்.

வாழ்நாள் முழுக்கவா என்ற கேள்விக்கு: பெரும்பாலோருக்கு ஆம். உங்களுக்கு ஒரு சிறு வாய்ப்பு இருக்கிறது. வலி மாத்திரை, எடை, உப்பு, குறட்டை என்று சரிசெய்யக்கூடிய நான்கு காரணங்கள் உங்களிடம் சேர்ந்திருக்கின்றன. இவற்றைச் சரிசெய்து, மாத்திரையோடு ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை வீட்டுச் சராசரி 120-ஐ ஒட்டியே நின்றால், டோஸைக் குறைத்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் நீங்களே கேட்கலாம். ஒரு நேரத்தில் ஒரு மருந்து, ஒரு படி. குறைத்த பிறகு நாலு வாரம் கழித்து மறுபடி ஒரு வாரப் பட்டியல், பிறகு மாதத்துக்கு ஒருமுறை. 135-ஐத் தாண்டினால் பழைய டோஸுக்குத் திரும்ப வேண்டும். முற்றிலும் நிறுத்தியவர்களில் பலருக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப ஏறிவிடுகிறது, அது உங்கள் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதுவரை இலக்கு 130/80-க்குக் கீழே. எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் படுத்தும் நின்றும் அளந்து பாருங்கள், மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 இறங்கினால் சொல்லுங்கள்.

காலையா இரவா என்று குழம்ப வேண்டாம். 2022-ல் வெளிவந்த பெரிய பிரிட்டிஷ் ஆய்வில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. மறக்காத நேரம் எதுவோ அதுவே நல்ல நேரம். ஒரு நாள் மறந்தால் அன்றைக்கே நினைவு வரும்போது போடுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் வழக்கமான ஒன்று போதும், இரண்டாகப் போடக்கூடாது.

மெஷின் எப்போதாவது 180/120-க்கு மேல் காட்டினால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்து, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் ஒரு பக்கம் கோணுதல், கை கால் மரத்தல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல், இதுவரை இல்லாத கடும் தலைவலி, குழப்பம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அவசர ஊர்தியை அழையுங்கள். கோணுதலோ குழறலோ இருந்தால் மெஷின் என்ன காட்டினாலும் அழையுங்கள். அறிகுறி எதுவும் இல்லையென்றால் அன்றைக்கே டாக்டரைத் தொடர்புகொள்ளுங்கள். கூடுதல் மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். நாக்குக்கு அடியில் நிபெடிபின் என்ற பிரஷர் மருந்தை வைக்கும் பழைய வழக்கம் பிரஷரைக் கண்மூடித்தனமாகச் சரித்துப் பக்கவாதத்தையே வரவழைத்திருக்கிறது.

உங்கள் மகன் பார்த்துக்கொள்ள வேண்டும். 18 வயது தாண்டிய எல்லோரும் ஒருமுறை அளக்க வேண்டும். நார்மலாக இருந்து, எடையும் சரியாக இருந்தால் 40 வயது வரை மூன்றிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை போதும். அவருடைய அப்பாவுக்குப் பிரஷர் இருப்பதால் வருடத்துக்கு ஒருமுறை பார்த்துவிடச் சொல்வேன். ஒரே மெஷினை இருவரும் பயன்படுத்தினால் அவருடைய கையையும் நாடாவால் அளந்து, அதற்குப் பொருந்தும் பட்டையைக் கட்டுங்கள். ஒருவார வீட்டுச் சராசரி 135/85-ஐத் தொட்டால் அப்பாவிடமிருந்து வந்தது என்று விட்டுவிடக்கூடாது. 23 வயதில் பிரஷர் ஏறினால் சிறுநீரகக் குழாயில் சுருக்கம், அட்ரினல் கோளாறு, பிறவியிலேயே மகாதமனி குறுகியிருப்பது போன்ற காரணங்களைத் தேடிப் பார்ப்பது அவசியம். அவற்றில் சில முழுதாகச் சரிசெய்யக்கூடியவை.